கடலும் வானும் ஒரு பாஸ்போர்ட்டும்

சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே 2024 டிசம்பர் 21 அன்று இண்டிகோ நிறுவனம் நேரடி விமானத்தைத் தொடங்கியது. அதற்கு முன் நம் பக்கத்து ஆட்கள் பெரும்பாலும் கோலாலம்பூரில் இறங்கி, மூட்டை முடிச்சுகளோடு இன்னொரு விமானமோ பேருந்தோ பிடித்துத்தான் பினாங்கு போய்ச் சேர்ந்தார்கள். இப்போது நள்ளிரவு தாண்டி மீனம்பாக்கத்தில் ஏறினால் விடிந்ததும் பினாங்கின் தலைநகர் ஜார்ஜ் டவுன். செய்தியைப் படித்த நாளிலிருந்தே போக வேண்டும் என்ற எண்ணம் எனக்குள் ஊறிக்கொண்டிருந்தது. தமிழன் கடல் தாண்டிய கதையில் நாகப்பட்டினத்துக்கு நேர் எதிரே நிற்கும் கரை பினாங்குதான்.

பயண ஏற்பாடு எளிதாகவே இருந்தது. இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா வேண்டாம் என்ற சலுகையை மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் தந்து, பிறகு 2026 இறுதி வரை நீட்டித்திருக்கிறது. போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் ‘எம்டாக்’ எனப்படும் மின்னணு வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் எதுவும் கிடையாது. பணம் கேட்கும் இணையதளம் எதுவானாலும் அரசுடையது அல்ல என்று தெரிந்துகொள்ளுங்கள். இத்துடன் திரும்பி வரும் டிக்கெட்டும் வேண்டும், பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாத காலம் மீதமும் இருக்க வேண்டும். என் பாஸ்போர்ட்டில் அத்தனை காலம் மிச்சம் இல்லை. எனவே பயணம் அமைந்தகரை பாஸ்போர்ட் சேவா கேந்திராவில் தொடங்கியது.

புதுப்பித்தல் என்று நாம் சொன்னாலும், நடப்பது புதிதாக ஒரு பாஸ்போர்ட் வழங்குவதுதான். எண் மாறுகிறது. பழைய புத்தகத்தை ரத்து செய்து நம்மிடமே திருப்பித் தருகிறார்கள். பெரியவர்களுக்குப் பத்தாண்டு செல்லும் 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய். காலாவதியாவதற்கு ஓராண்டு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். உள்ளே ஏ, பி, சி என்று மூன்று கட்டம்: முதலாவதில் ஆவணம், புகைப்படம், கைரேகை; அடுத்ததில் சரிபார்ப்பு; கடைசியில் அனுமதி தரும் அதிகாரி. டோக்கன் எண் பலகையில் மின்ன மின்ன ஆட்கள் நகர்கிறார்கள்.

தமிழர்கள் அங்கே அதிகம் தடுமாறும் இடம் பெயர்தான். நமக்கு ஊரில் ஒரு இனிஷியல் போதும். பாஸ்போர்ட்டில் அதை விரித்து எழுதியாக வேண்டும். பெரும்பாலும் தந்தை பெயர் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் போய் உட்கார்ந்துவிடும். டிக்கெட் எடுக்கும்போது பாஸ்போர்ட்டில் எந்தக் கட்டத்தில் எது இருக்கிறதோ அதை அப்படியே எழுத வேண்டும். ஆதாரில் ஒரு மாதிரி, பள்ளிச் சான்றிதழில் ஒரு மாதிரி என்று பெயரை வைத்திருப்பவர்கள், பயணத்தை நினைக்கும் முன்பே அதைச் சீர்செய்துகொள்வது நல்லது. எனக்கு முன்னால் நின்ற ஒரு கொத்தனாரும் அவர் மனைவியும் அப்பா பெயரில் ஓர் எழுத்துப் பிழைக்காக இன்னொரு நாள் வரவேண்டியதாயிற்று. ஒரு நாள் கூலி போன வருத்தம் அவர் முகத்தில் தெரிந்தது.

கைக்கு வந்த புதுப் புத்தகத்தின் அட்டையில் பொன்னிறத்தில் ஒரு சிறு குறி. உள்ளே சிப் பதித்த மின்னணு பாஸ்போர்ட் இது. சென்னை மண்டல அலுவலகம் 2025 மார்ச்சில் இதை வழங்கத் தொடங்கியது. நான் போகவிருந்த நாடோ 1998 மார்ச்சிலேயே உலகில் முதன்முதலாகச் சிப் பதித்த பாஸ்போர்ட்டை வெளியிட்டது.

இந்தப் புத்தகம் இந்தியக் குடிமகனின் உரிமையான கதையை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. 1967 வரை பாஸ்போர்ட் தருவதும் மறுப்பதும் அரசின் விருப்பம். சத்வந்த் சிங் சாஹ்னி என்ற தொழிலதிபரிடம் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்கும்படி அதிகாரிகள் சொன்னார்கள். அவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1967 ஏப்ரல் 10 அன்று ஐந்து நீதிபதிகளில் மூவர், வெளிநாடு செல்வது அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு காக்கும் தனிமனித சுதந்திரத்தின் பகுதி என்று தீர்ப்பளித்தார்கள். அதே ஆண்டு ஜூனில் பாஸ்போர்ட் சட்டம் வந்தது. மறுப்பதென்றால் சட்டத்தில் சொன்ன காரணம் வேண்டும். அந்தக் காரணத்தை எழுதித் தரவும் வேண்டும். கொத்தனாரும் நானும் ஒரே டோக்கன் வரிசையில் உட்கார்ந்திருந்ததற்கு அடிப்படை அந்தத் தீர்ப்பு.

சென்னை விமான நிலையத்தின் குடியேற்றப் பிரிவில் இளைஞர்கள் சிலரை அதிகாரி நிறுத்தி நிறுத்திக் கேட்டார். எங்கே தங்குகிறாய், யாரைப் பார்க்கப் போகிறாய், கையில் எவ்வளவு பணம், திரும்பும் டிக்கெட் எங்கே? பின்னால் நின்றவர்கள் சலித்துக்கொண்டார்கள். ஆனால் அந்தக் கேள்விகளுக்குக் காரணம் உண்டு. சுற்றுலா என்று சொல்லி அனுப்பி, போன இடத்தில் பெர்மிட் இல்லாத வேலையில் தள்ளிவிடும் ஏஜென்ட்டுகள் நம் மாவட்டங்களில் இன்னும் இருக்கிறார்கள். பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் குடிபெயர்வுச் சோதனை தேவை என்ற முத்திரை இருக்கும். 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டத்தின்படி, அவர்கள் குறிப்பிட்ட நாடுகளுக்கு வேலைக்குப் போகுமுன் முன்னனுமதி பெற வேண்டும். மலேசியாவும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

வங்காள விரிகுடாவுக்கு மேல் இரவு கரைந்தது. அங்கே நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால் என்பதால் தூக்கம் பாதியிலேயே விடிந்துவிடுகிறது. தீவின் தென்கிழக்கில் பாயான் லெப்பாஸில் இறங்கினோம். வெளிநாட்டவர் வரிசையில் இரண்டு ஆள்காட்டி விரல்களையும் கருவியில் வைத்தேன், முத்திரை விழுந்தது.

பாயான் லெப்பாஸ் விமான நிலையம் 1935இல் திறக்கப்பட்டது. மலேசியாவின் மிகப் பழைய விமான நிலையங்களில் ஒன்று. 1936 மார்ச்சில் இம்பீரியல் ஏர்வேஸ் நிறுவனம் ஹாங்காங்குக்கு விமான சேவை தொடங்கியபோது, லண்டனிலிருந்து வரும் நெடும்பாதையிலிருந்து அந்தக் கிளை பிரிந்தது பினாங்கில்தான். இன்றைய கூடம் ஆண்டுக்கு 65 லட்சம் பயணிகளுக்காகக் கட்டப்பட்டது. கூட்டம் அதைத் தாண்டிவிட்டதால் 1.2 கோடி பேருக்கு ஏற்ப விரிவாக்கும் வேலை நடக்கிறது. சுற்றிலும் 1972 முதல் வளர்ந்த தொழிற்பேட்டை. இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை அமைத்தது அங்கேதான்.

கிராப் செயலியில் அழைத்த வாடகை வண்டியை ஓட்டி வந்தவர் தமிழர். “அண்ணே, பசியாறிட்டீங்களா?” என்றுதான் பேச்சைத் தொடங்கினார். இல்லை என்றதும், ஊருக்குள் போகும் வழியில் எங்கே தோசை நன்றாக இருக்கும், எங்கே ரொட்டி சானாய் நன்றாக இருக்கும் என்று அடுக்கினார். என் கையிலிருந்த புதுப் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு, தன் குடும்பத்துக்குப் புதுப்பித்த கதையைச் சொன்னார். “எங்களுக்கு அஞ்சு வருசத்துக்கு 200 வெள்ளி அண்ணே. எங்க அம்மாவுக்கு வயசு அறுபதுக்கு மேல, அதனால நூறுதான். காலையில இமிகிரேசன் போனேன், அன்னைக்கே கையில குடுத்துட்டான்.” அவர் மகள் தைவானில் படிக்கிறாள். பாஸ்போர்ட் அவருக்கு மின்சாரக் கட்டணம் கட்டுவது போன்ற ஒரு வீட்டு வேலை. அந்தப் பேச்சின் இயல்பு எனக்குப் பிடித்திருந்தது. இந்தத் தீவுக்கு அவருடைய மூதாதையர் வந்த விதத்தை அறிந்தால் அந்த இயல்பின் அருமை தெரியும்.

அதைக் காண குவீன்ஸ்பே கரைக்குப் போகச் சொன்னேன். எதிரே, தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவில், காடடர்ந்து கிடக்கிறது ஜெரெஜாக் தீவு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே தொழுநோயாளர் இல்லமும், பிறகு குடியேறிகளுக்கான நோய்த்தடுப்பு முகாமும் இருந்தன. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் திரட்டிக் கப்பலேற்றிய தோட்டத் தொழிலாளர்கள் பினாங்கு மண்ணை மிதிக்குமுன் இந்தத் தீவில் நாட்களைக் கழித்தார்கள். கங்காணி கூட்டி வந்தவர்களுக்கும், கூலி ஒப்பந்தத்தில் வந்தவர்களுக்கும் பெயர் பதிந்த ஏடு யாரோ ஒருவரின் கையில் இருந்தது. தாளைச் சுமந்தவர் ஒருவர், வேலையைச் சுமந்தவர் வேறொருவர். 1938இல் இந்திய அரசு உதவி பெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்யும் வரை அப்படித்தான் நடந்தது.

மாலையில் ஸ்வெட்டன்ஹாம் துறைமுகப் பக்கம் நடந்தேன். இன்று அங்கே பெரிய சொகுசுக் கப்பல்கள் வந்து நிற்கின்றன. ஒரு காலத்தில் பினாங்குத் தமிழர்கள் கண் வைத்துக் காத்திருந்தது ரஜூலாவுக்காக. 1926இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான், சிங்கப்பூர் என்று ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மேல்தளப் பயணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. பாயை விரித்து, அடுப்பு மூட்டாமல் கட்டுச்சோற்றோடும் கப்பல் சாப்பாட்டோடும் நாட்களைக் கடத்தி வந்தவர்கள் அவர்கள். 1973இல் ரஜூலா ஓய்ந்தது. அதன் இடத்துக்கு வந்த எம்.வி. சிதம்பரம், 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்ததில் பல உயிர்கள் பலியாயின. அதோடு தமிழகத்துக்கும் பினாங்குக்கும் இடையிலான பயணிகள் கப்பல் போக்குவரத்து முடிந்தது.

குட்டி இந்தியாவில், 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயிலுக்கு அருகே, பூக்கடை வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் என்னை உட்காரச் சொன்னார். சுதந்திரத்துக்கு முன்பு கெடா மாநில எஸ்டேட் ஒன்றில் பிறந்தவர். அப்பாவுக்குச் சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். “தம்பி, நான் பொறந்தது இங்கதான். ஆனா எங்கிட்ட இருந்தது சிவப்பு ஐசி” என்றார்.

மலேசியக் குடிமக்களுக்கு நீல அடையாள அட்டை. நிரந்தரமாக வசித்தும் குடியுரிமை பெறாதவர்களுக்குச் சிவப்பு. 1957இல் நாடு விடுதலை பெற்றபோது, அதற்கு முன் பிறந்து குடியுரிமைக்குப் பதிந்துகொள்ள வேண்டியிருந்தவர்களில் எஸ்டேட் தமிழர்கள் பலர் பதியாமல் விட்டார்கள். எழுத்தறிவில்லை, பிறப்புப் பத்திரம் இல்லை, எடுத்துச் சொல்ல ஆளும் இல்லை. 1968இல் வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயம் என்றதும், பல்லாயிரம் பேர் தமக்கு நினைவே இல்லாத ஓர் ஊருக்குக் கப்பலேறினார்கள். பெரியவரின் குடும்பம் மூன்று மாத பெர்மிட், ஆறு மாத பெர்மிட் என்று தாக்குப்பிடித்து இங்கேயே தங்கியது.

“அப்பாவுக்கு ஊர்ல ஒரு தங்கச்சி. பாக்கணும் பாக்கணும்னே இருந்தாரு. இந்தியா பாஸ்போர்ட்டும் இல்ல, மலேசியா பாஸ்போர்ட்டும் இல்ல. எந்தக் கப்பல்ல ஏத்துவான்?” நீல அட்டை தன் கைக்கு வந்தபோது அப்பா இல்லை என்றார். அவர் முதன்முதலாகத் தஞ்சாவூர் மண்ணைப் பார்த்தது விமானத்தில் போய்த்தான். அத்தை வீட்டுப் பேரன்கள் திருச்சி விமான நிலையத்துக்கு வந்து கூட்டிப் போனார்களாம். அந்தப் பாஸ்போர்ட்டை அவர் புதுப்பிக்காமல் விட்டதே இல்லை. இப்போது முட்டி வலியால் எங்கும் போக முடியாது. ஆனாலும் தவணை முடியுமுன் பேத்தி கூட்டிப்போய்ப் புதுப்பித்துக் கொண்டுவருகிறாள். “கையில இருக்கணும் தம்பி” என்றார்.

அந்தச் சொல் மறுநாள் மாலை பாடாங் கோட்டா கடற்கரைத் திடலில் எனக்குத் திரும்பவும் தேவைப்பட்டது. அங்கே அறந்தாங்கிப் பக்கத்து இளைஞன் ஒருவனைச் சந்தித்தேன். விடுமுறை நாள் என்பதால் நண்பர்களோடு காற்று வாங்க வந்திருந்தான். ஊர்ப் பேச்சு ஓடியது. பாஸ்போர்ட் எப்போது முடிகிறது என்று கேட்டேன். “தெரியலண்ணே, கம்பெனியில வாங்கி வச்சிருக்காங்க” என்றான். போனில் முதல் பக்கத்தின் படம் மட்டும் இருந்தது. அதிலும் தேதி மங்கல். பெரிதாக்கிப் பார்த்தோம். ஓராண்டுக்கும் குறைவாகவே மீதம் இருந்தது.

அவனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று பலருக்குப் புரிவதில்லை. வேலை பெர்மிட் சார்ந்திருப்பது பாஸ்போர்ட்டை. பாஸ்போர்ட்டுக்கு உயிர் இல்லையென்றால் பெர்மிட்டைப் புதுப்பிக்க முடியாது. பெர்மிட் முடிந்தால், முறைப்படி வந்த தொழிலாளி ஒரே நாளில் சட்டவிரோதமாகத் தங்கியவர் ஆகிவிடுகிறார். சாலையில் சோதனை நடந்தால் காட்டுவதற்குக் கையில் ஒன்றும் இருக்காது. தகப்பனுக்கு உடம்பு சரியில்லை என்று செய்தி வந்தால், விமானம் நான்கு மணி நேரத் தொலைவில் இருந்தும், முதலாளியின் அலமாரி திறக்கக் காத்திருக்க வேண்டும்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. மலேசியாவின் 1966ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 12ஆம் பிரிவு, பிறருடைய பாஸ்போர்ட்டைச் சட்ட அனுமதியின்றி வைத்திருப்பதைக் குற்றம் என்கிறது. இந்தியச் சட்டப்படி பாஸ்போர்ட் இந்திய அரசின் உடைமை. நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது, அவ்வளவே. அடையாள ஆவணங்களைப் பிடித்து வைப்பதைக் கட்டாய உழைப்பின் அறிகுறிகளில் ஒன்றாகப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு வரையறுத்திருக்கிறது. 2020இல் மலேசியக் கையுறை நிறுவனம் ஒன்றின் சரக்கை அமெரிக்கச் சுங்கத் துறை தடுத்தபோது சொன்ன காரணங்களில் அதுவும் இருந்தது. “பத்திரமா இருக்கட்டும்னுதான் வாங்கிக்கிறோம்” என்று முதலாளிகள் சொல்வதுண்டு. பத்திரமாக வைக்க வேண்டுமென்றால், தொழிலாளியே பூட்டித் திறக்கும் ஒரு பெட்டியைக் கொடுக்கலாம். அப்படிச் செய்யும் நிறுவனங்கள் இருக்கின்றன.

அந்த இளைஞனிடம் நான் சொன்னதை இங்கேயும் எழுதிவைக்கிறேன். முதலில் மேலாளரிடம், பாஸ்போர்ட் புதுப்பிக்க வேண்டும் என்று எழுத்தில் கேட்க வேண்டும். அந்தச் செய்தியின் படியை வைத்துக்கொள்ள வேண்டும். தரவில்லையென்றால் மலேசியத் தொழிலாளர் துறையில் புகார் செய்யலாம். மலேசியாவில் இந்திய பாஸ்போர்ட் வழங்கும் அதிகாரம் கோலாலம்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்திடம் இருக்கிறது. தொழிலாளர்களுக்கு வழிகாட்ட இந்திய அரசின் உதவி மையமும் அந்நகரில் இயங்குகிறது. பாஸ்போர்ட் தொலைந்தே போனால் உடனே போலீஸில் புகார் எழுதி நகல் பெற வேண்டும். ஊருக்குத் திரும்புவதற்கு மட்டும் என்றால் தூதரகம் அவசரச் சான்று தரும். அது இந்தியா வர ஒரு வழிக்குச் செல்லும். புறப்படுமுன் மலேசியக் குடியேற்றத் துறையின் அனுமதியும் வேண்டும் என்பதால், டிக்கெட்டை அவசரப்பட்டு எடுக்கக் கூடாது.

சுற்றுலா வருபவர்களும் இதையே சற்று எளிய அளவில் கடைப்பிடிக்கலாம். ஆறு மாதக் கணக்கை, டிக்கெட் எடுக்கும் நாளிலிருந்து பார்க்காமல் போய் இறங்கும் நாளிலிருந்து பாருங்கள். பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், கடைசிப் பக்கம், நுழைவு முத்திரை விழுந்த பக்கம் மூன்றையும் படமெடுத்து வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். விடுதியில் பதிவுக்காகக் கேட்டால் காட்டுங்கள். ஈடாக வைத்துக்கொள்ளக் கொடுக்காதீர்கள்.

பினாங்கில் மீதி நாட்களை மனம் நிறையக் கழித்தேன். 1801இல் காதர் மொய்தீன் அடிகோலிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், சூலியா தெருவின் நாகூர் தர்கா, பினாங்குத் தெருவில் செட்டியார்கள் வட்டிக்கடை நடத்திய கிட்டங்கிகள் என்று, 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த அந்நகரத்தின் நடுவிலேயே தமிழர்கள் போட்ட தடம் இருக்கிறது. வணிகராக வந்தவர், கூலியாக வந்தவர் எல்லாரும் சேர்ந்து எழுப்பிய ஊர் அது. அவர்களில் எத்தனை பேர் ஊருக்கு ஒருமுறையேனும் திரும்பிப் போனார்கள் என்ற எண்ணம் தெருவுக்குத் தெரு கூடவே வந்தது.

திரும்பும் விமானத்தில் வேலை முடிந்து ஊர் போகும் இளைஞர்கள் நிறையப் பேர். ரஜூலாவில் ஒரு வாரத்தைத் தின்ற கடலை அவர்கள் சில மணி நேரத்தில் தாண்டிவிடுகிறார்கள். தூரம் என்ற பிரச்சினையை விமானம் தீர்த்துவிட்டது. அவர்களுடைய பெயர் எழுதிய புத்தகம் அவர்களுடைய சட்டைப்பையில் இருக்க வேண்டும் என்பதை மனிதர்கள்தான் தீர்க்க வேண்டும். அதற்கான சட்டம் இரு நாடுகளிலும் இருக்கிறது. அதை அறிந்தவர்கள்தான் குறைவு.

உங்கள் தெருவிலிருந்து ஒரு பிள்ளை மலேசியாவுக்கு வேலைக்குக் கிளம்பினால், ஊறுகாய்ப் பாட்டிலோடு இதையும் கொடுத்தனுப்புங்கள்: பாஸ்போர்ட்டின் இரண்டு நகல், காலாவதி தேதி எழுதிய ஒரு துண்டுச் சீட்டு, தூதரகத்தின் தொலைபேசி எண். ஏஜென்ட் அரசிடம் பதிவு பெற்றவரா என்று இ-மைக்ரேட் தளத்தில் நீங்களே பார்த்துச் சொல்லுங்கள். யார் கேட்டாலும் பாஸ்போர்ட்டை ஒப்படைக்காதே, வேலைக்காக வாங்கினால் அதே நாளில் திருப்பி வாங்கு என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அவன் வெட்கப்படாமல் கேட்பதற்கு அந்த ஒரு சொல் துணை நிற்கும்.